விளக்கு வைக்குமுன் ஓட வேண்டிய வண்டி

ஜூன் 9, திங்கள்

வெயில். ஜன்னல் கம்பியைத் தொட முடியவில்லை. மாலையில் மழை என்று எல்லோரும் சொன்னார்கள். வானம் கறுத்ததோடு சரி.

வண்டி இன்றும் ஓடவில்லை. மோட்டார் சுற்றத் தொடங்கும் நொடியில் போர்டு மயங்கிவிடுகிறது. நீல விளக்கு ஒரு சிமிட்டல். பிறகு எல்லாம் முதலிலிருந்து: தன் பெயர், வைஃபையின் பெயர், கடவுச்சொல். உறக்கத்தில் உலுக்கி எழுப்பப்பட்ட ஆள் மாதிரி. மறுபடி ‘ஓடு’ என்றால் மறுபடி மயக்கம்.

கையில் இருப்பவை:
உடல். தோழி யமுனாவின் பெருங்குடி அலுவலகத்தில் குப்பைக்குப் போகவிருந்த தரை பெருக்கும் ரோபோ. அதன் பழைய மூளை எரிந்துவிட்டது. சக்கரம், தூரிகை, உறிஞ்சும் மோட்டார் எல்லாம் உயிரோடு.
மூளை. நான் வைத்த வைஃபை போர்டு. இரண்டு விரல் அகலம். போனிலிருந்து சொன்னால் கேட்கும். கேட்க வேண்டும்.
பேட்டரி. இரண்டு செல், வரிசையாக. நிறைந்தால் எட்டு வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே. போர்டுக்கு அவ்வளவு வேண்டாம். அதனால் நடுவில் வோல்ட்டைக் குறைக்க மூன்று கால் ரெகுலேட்டர் ஒன்று.
ரெகுலேட்டர் சுடுகிறது. ஆள்காட்டி விரலில் கொப்புளம்.

காரணம் தெரியும். ஒரே பேட்டரி, குடிப்பவர்கள் இருவர். மோட்டார் கிளம்பும்போது வாய் வைத்து உறிஞ்சுகிறது. அந்த இமைப்பொழுதில் போர்டுக்கு எதுவும் மிச்சமில்லை. படித்தது இயற்பியல், பிறகு தத்துவம். இரண்டும் சேர்ந்து காரணத்தைச் சொல்கின்றன. ஓட வைக்கவில்லை.

மோடம் ராத்திரி மறுபடி அணைந்து கிடந்தது. அம்மா. “ராத்திரி யாருக்குட்டி வைஃபை?”

ஹைதராபாத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. ஆய்வு மாணவியாக இடம். 20-ஆம் தேதி வெள்ளிக்குள் பதில் அனுப்ப வேண்டும். இடம் கிடைத்ததை அம்மாவிடம் சொன்னேன். தேதியைச் சொல்லவில்லை.


ஜூன் 10, செவ்வாய்

மதியம் அம்மா பெருக்குவதைப் பார்த்துவிட்டேன். குத்துக்காலிட்டு, கட்டிலுக்கு அடியில் கையை விட்டு. தொடை எலும்பில் தகடு வைத்திருக்கும் மனுஷி.

அடையாற்று டாக்டர் சொன்னது மூன்று. குனியக் கூடாது. குத்துக்காலிடக் கூடாது. விழவே கூடாது. மூன்றாவதை ஏதோ நம் கையில் இருப்பது போலச் சொன்னார்.

தை மாதம் கொல்லையில் துணி துவைக்கிற கல்லருகே வழுக்கியது. அதற்குப் பிறகு அம்மா கேட்டைத் தாண்டவில்லை. தி. நகரில் சேலைக் கடையில், காட்டன் பிரிவில், இருபது வருஷத்துக்கு மேல் நின்றுகொண்டே வேலை செய்தவள். இப்போது கூடத்தில் உட்கார்ந்து சேலைகளுக்கு ஃபால்ஸ் தைக்கிறாள், குஞ்சம் கட்டுகிறாள். துணியைக் கொண்டுவந்து தருகிறார்கள், முடிந்ததும் வந்து வாங்கிப் போகிறார்கள். தரை முழுக்க நூல் துணுக்கு. அதனால்தான் பெருக்கல். ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று கேட்டால் பதில் வராது.

வேலைக்கு ஆள் வைத்துப் பார்த்தாயிற்று. அந்த அக்கா பெருக்கிக்கொண்டே முன்னால் போக, அம்மா துடைப்பத்தோடு பின்னால். அவர் ஒரு மாதம்கூட நிற்கவில்லை. “உங்கம்மாவுக்கு வேலைக்காரி வேணாம், சாட்சிதான் வேணும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

என்னை விட்டால் இந்த வீட்டில் வேறு யாரும் இல்லை. மாடியில் வீட்டுக்கார மாமி, அவர் கணவர். இருவருக்கும் முழங்கால் வலி.

ஆக, நான் போக வேண்டுமானால் வண்டி ஓட வேண்டும். அம்மா பொத்தானைக் குனிந்து அமுக்கக் கூடாது, அதனால் போனிலிருந்து ஓட வேண்டும். ஓடாவிட்டால் போக முடியாது. கணக்கு இவ்வளவுதான்.

எழுதியபின் படித்தேன். சரியாகத்தான் இருக்கிறது. மறுபடி படித்தேன்.


ஜூன் 11, புதன்

ரிச்சி தெரு. பஸ்ஸில் நின்றுகொண்டு. திரும்பும்போதும்.

ரெகுலேட்டருக்குப் பதில் பக் கன்வெர்ட்டர் என்று முடிவு. அதுவும் வோல்ட்டைக் குறைக்கும், ஆனால் சூடாகாது, வீணாக்காது. கடைக்காரர் தட்டைக் கவிழ்த்துத் தேடினார்.

“இன்னாத்துக்கும்மா இது?”

“வீடு பெருக்குற ரோபோவுக்கு.”

“எங்கூட்லயும் ஒண்ணு கீது. என் மச்சான். துன்னுட்டு ஹால்லயே சுத்திக்கினு கீறான், ஒரு எடம் க்ளீன் ஆவல.”

பக்கத்துக் கடைக்காரர்: “சார்ஜ் போட்டியா நைனா அவனுக்கு?”

“தெனம் மூணு வேள.”

அங்கேயே நின்று சிரித்தேன். பல நாள் கழித்து. வாங்கியது: பக் இரண்டு (ஒன்றை நான் எரித்துவிடுவேன் என்பதால்), பெரிய கெபாசிட்டர், சிவப்பு கறுப்பு ஒயர். தேவையில்லாமல் ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவர்.

வந்து பற்றவைத்தேன். திருகித் திருகி ஐந்து வோல்ட். போர்டின் காலில் கொடுத்தேன். ‘ஓடு’.

ஓடியது. கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து தையல் மெஷின் வரை. நூல் துணுக்கெல்லாம் உள்ளே. நான் கத்தினேன். அம்மா ஊன்றுகோலோடு வந்தாள்.

“விளக்கு வச்சாச்சுட்டி! நிறுத்து அதை!”

“பெருக்கலம்மா. சோதனை.”

“குப்பையை உள்ள இழுக்குதுல்லா? அது பேரு பெருக்குறது இல்லாம என்ன? விளக்கு வச்ச வீட்டுல லட்சுமியைப் பெருக்கித் தள்ளுத.”

நிறுத்தினேன். சார்ஜ் ஏறும் தளத்தில் வைத்து, சுவரில் அதன் சுவிட்சைப் போட்டுவிட்டுப் படுத்தேன். இதோடு முடிந்தது என்ற எண்ணம். எழுந்து கடிதத்தின் தேதியை மறுபடி பார்த்தேன். முடிந்தது என்றால்.


ஜூன் 12, வியாழன்

முடியவில்லை. காலையில் மயக்கம். அதே நீலச் சிமிட்டல்.

நேற்று மாலை ஓடியது. இரவு முழுக்க சார்ஜில் இருந்தது. காலையில் இன்னும் தெம்பாக அல்லவா இருக்க வேண்டும்.

பெரிய கெபாசிட்டரைப் போர்டின் காலடியில் வைத்தேன். மோட்டார் உறிஞ்சும் நொடிக்கு ஒரு சொம்புத் தண்ணீர் எடுத்து வைத்தது போல. பயன்: மயக்கம் ஒரு மூச்சு தள்ளிப் போனது. கூடத்தில் பாதி. பிறகு மயக்கம்.

மாமி மாடியிலிருந்து இறங்கி வந்தார். கையில் கொத்தமல்லிக் கட்டு.

“ஏண்டி வள்ளி, இன்னும் இதோடயே மல்லுக்கட்டிண்டிருக்கியா? அச்சு அசல் ஆமைன்னா இது! ஆமை புகுந்த வீடு உருப்படாதும்பா.”

அம்மா ஊசியிலிருந்து கண் எடுக்காமல், “ஆமைன்னு சொல்லாதிய மாமி. இது வண்டி.”

“வண்டின்னா ஓடணுமோல்லியோ?”

“அது வீட்டுக்காரியைப் பாத்து வளருது. நானும்தான் ஓடலை.”

இருவரும் சிரிக்கிறார்கள். எனக்கு வரவில்லை.

நல்ல வேளை, யமுனா போன். நாங்கள் கல்லூரியிலிருந்தே ஒன்றாக. அவள் சர்க்யூட்டை வைத்தே சம்பாதிக்கிறாள், நான் விரலைச் சுட்டுக்கொள்கிறேன்.

“மச்சி, தூரிகையில நூல் சிக்கியிருக்கும். லோடு ஏறும், கரண்ட் ஜாஸ்தி இழுக்கும். கழட்டிப் பாரு.”

கழற்றினேன். சேலைக் கடையே உள்ளே இருந்தது. மயில் கழுத்து நிறம், அரக்கு, எலுமிச்சை மஞ்சள். சக்கர அச்சில் ஜரிகை. கத்தரியால் வெட்டி எடுத்தேன்.

பகலில் சார்ஜில் போட்டுவிட்டு மாலை ஐந்தரைக்கு ஓட்டினேன். ஓடியது. முழுக் கூடமும்.

ஆக, நூல்தான்.


ஜூன் 13, வெள்ளி

நூல் இல்லை. காலையில் மயக்கம்.


ஜூன் 14, சனி

தூறல். கொடியில் போட்ட துணியை எடுத்து, மறுபடி போட்டு, மறுபடி எடுத்து.

ஒரு ஒழுங்கு தெரிகிறது. மாலையில் ஓடுகிறது, காலையில் ஓடவில்லை. இரவில் எதுவோ பேட்டரியைக் குடிக்கிறது. நாங்கள் உறங்கும்போது போர்டு விழித்திருந்து வைஃபையைத் தேடிக்கொண்டே இருக்கிறது என்று என் ஊகம். அம்மாதான் இரவில் மோடத்தை அணைக்கிறாளே. இல்லாததைத் தேடுவதற்குத்தான் அதிகம் செலவாகும்.

ஊகம் அழகாக இருந்தது. அழகாக இருப்பதாலேயே நம்பினேன்.

அதனால் இன்று போர்டுக்குத் தனிச் சோறு. பழைய பவர் பேங்க் ஒன்றை வண்டியின் முதுகில் கட்டினேன். மோட்டாருக்குப் பேட்டரி, போர்டுக்கு பவர் பேங்க். இனி யாரும் யாருடையதையும் குடிக்க முடியாது.

போர்டு மயங்கவே இல்லை. ஆனால் வண்டி பைத்தியம் பிடித்தது போல. ‘நில்’ என்றால் சுற்றுகிறது. ‘ஓடு’ என்றால் உதறுகிறது. ஒரு தடவை அம்மாவின் காலை நோக்கி நேராகப் போய்விட்டது. அம்மா ஊன்றுகோலால் மறித்தாள். “என்னை ஆளத் தெரியாத உன்கிட்ட என்னை விட்டுட்டுப் போறா பாரு” என்று அதனிடம் சொன்னாள். அதனிடம்தான். என்னிடம் இல்லை.

யமுனாவிடம் கேட்டேன்.

“க்ரவுண்ட் ரெண்டையும் சேத்தியா?”

“இல்ல.”

“அப்போ எப்படி மச்சி? ரெண்டு பேருக்கும் பூஜ்யம் எதுன்னு ஒத்துப் போகலைன்னா ஒருத்தர் சொல்ற அஞ்சு இன்னொருத்தருக்கு அஞ்சா இருக்காது. கறுப்பு ஒயரை ஜாயின் பண்ணு.”

சேர்த்தேன். சொல் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து பவர் பேங்க் தானாகவே அணைந்தது. போர்டு குடிப்பது மிகக் கொஞ்சம். பவர் பேங்க் யாருமே இல்லை என்று நினைத்துக் கடையைச் சாத்திவிடுகிறது.

அதிகம் கேட்டால் மயக்கம். குறைவாகக் கேட்டால் ஆளே இல்லை என்று முடிவு. கழற்றி எறிந்தேன். மெத்தையின் மேல்தான்.


ஜூன் 15, ஞாயிறு

எதையும் தொடவில்லை. மாட வீதியில் நடந்தேன், சுற்றிச் சுற்றி. குளத்தில் தண்ணீர் குறைவு. காய்கறிக் கடையில் ஒரு கணவன் மனைவி. அவள்: “போணும்னா போங்களேன், என்னை ஏன் கேக்குறீங்க?” அவர்: “கேக்காமப் போனா கேக்கலைம்ப.” அவர்கள் பேசியது கோயம்பேடு மார்க்கெட்டுக்குப் போவது பற்றி.

ஹைதராபாத் கடிதத்தைப் போனில் திறந்தேன், மூடினேன். திறந்தேன்.

வரும்போது முருங்கைக்காய். வீட்டில் ஏற்கெனவே இருந்தது.


ஜூன் 16, திங்கள்

யமுனா நேரில் வந்தாள். சைதாப்பேட்டையில் ரயில் ஏற வேண்டியவள், வண்டியைப் பார்க்க வேண்டும் என்று திரும்பி வந்திருக்கிறாள். என் பற்றவைப்பைப் பார்த்து, “இது சால்டரா, கூழ் வடகமா?” என்றாள். இரண்டு இடத்தைத் திருத்தினாள். மற்றபடி எல்லாம் சரி என்றாள்.

“எல்லாம் சரின்னா ஏன் ஓடல?”

“ஓடிக்கிட்டுதான் இருக்கு. சாயங்காலம் ஓடுதுன்னு நீதானே சொல்ற?”

“காலையில ஓடல.”

“காலையில ஏன் ஓடணும்? உங்கம்மா கேட்டாங்களா?”

ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன். அவள் காபி தம்ளரை வைத்தாள்.

“மச்சி, வெள்ளிக்கிழமைக்குள்ள ரிப்ளை போடணுமா இல்லையா நீ? இது ஓடினா நீ போகணும். அதான் தினம் ஒரு பார்ட் மாத்துற.”

அப்போது அம்மா சமையலறை நிலைப்படியில் நின்றிருந்தாள். ஊன்றுகோல் சத்தம் கேட்கவில்லை. சுவரைப் பிடித்து வந்திருக்கிறாள்.

“எந்த வெள்ளிக்கிழமை?”

யமுனா என்னைப் பார்த்தாள். நான் வண்டியைப் பார்த்தேன்.

“இந்த வார வெள்ளிதானா?” என்றாள் அம்மா. உள்ளே திரும்பிப் போனாள். இரவுச் சாப்பாடு ரசம், அப்பளம். அப்பளம் நொறுங்குகிற சத்தம் மட்டும்.


ஜூன் 17, செவ்வாய்

அம்மா பேசவில்லை. குஞ்சம் கட்டுகிறாள். நூலைப் பல்லால் அறுக்கிற சத்தத்தில் கோபம் இருக்கிறது. கத்தரி பக்கத்திலேயே இருக்கிறது.

மல்ட்டிமீட்டரைக் கையில் எடுத்தேன். இத்தனை நாளில் பேட்டரியை நேராக அளக்கவே இல்லை. போர்டின் காலில் அளந்தேன், பக்கின் வாயில் அளந்தேன், மோட்டாரில் அளந்தேன். பேட்டரியை மட்டும் நம்பி விட்டுவிட்டேன். இரவு முழுக்க சார்ஜில் இருந்ததை என்ன அளப்பது?

மாலையில் ஓட்டி முடித்ததும் வற்றியிருந்தது. சரி, இயல்புதான். குறித்து வைத்தேன். தளத்தில் வைத்து சுவிட்சைப் போட்டேன். நாளை காலை பார்க்க வேண்டும்.


ஜூன் 18, புதன்

காலை. பால் பாக்கெட் உள்ளே வந்துவிட்டது, அம்மா அடுப்படியில். வண்டியை எடுப்பதற்கு முன் அளந்தேன்.

நேற்று மாலை குறித்த அதே அளவு. ஏறக்குறைய அப்படியே. ஏறவே இல்லை. கசிவும் இல்லை, திருட்டும் இல்லை. இரவில் வண்டிக்குள் எதுவுமே போகவில்லை.

தரையில் படுத்துத் தளத்தைப் பார்த்தேன். பித்தளைத் தகடு சுத்தம். ஒயர் சரி. ஒயரின் வழியே கண் போயிற்று. தையல் மெஷின் பின்னால், சுவரில், பிளக். அதன் மேல் சுவிட்ச்.

அணைந்திருந்தது.

“அம்மா, இதை யார் அணைச்சது?”

இரண்டு நாளில் முதல் பேச்சு: “நாந்தான்.”

“எப்போ?”

“படுக்கப் போகும்போது. தெனமும்தான். எல்லா சுவிட்சையும் அணைச்சுட்டுத்தானட்டி நான் படுப்பேன். இன்னிக்கா நேத்தா? ஃப்ரிட்ஜைத் தவிர.”

தெரியும். எனக்குத் தெரியும். மோடத்தை அணைப்பாள். டிவியின் சுவிட்சை அணைப்பாள். மிக்ஸியின் பிளக்கைப் பிடுங்கியே வைப்பாள். வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியே கிளம்பினாலும் இதே சுற்று, ஒவ்வொரு சுவராகத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் செருப்பு. நான் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். ஒவ்வொரு மாலையும் அந்த சுவிட்சை நான்தான் போட்டேன். ஏன் ஒவ்வொரு மாலையும் போட வேண்டியிருக்கிறது என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

நான் படுத்த பிறகு அவள் படுப்பாள். அவள் அணைத்த பிறகு இரவு. இரவு முழுக்க சார்ஜ் ஏறுவதாக நான் நம்பிய வண்டி, இருட்டில் சும்மா உட்கார்ந்திருந்தது. பகலில் எப்போதாவது போட்டதை மாலையில் ஓடிச் செலவழித்தது.

யமுனாவிடம் சொன்னேன். போனைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். தூரத்திலிருந்து கேட்டது. அவள் அலுவலகத்தில் யாரோ, “இன்னாச்சு?” என்றார்கள். “சுவிட்ச்சே போடல!” என்று அவள் சொல்வதும் கேட்டது.

போட்டேன். அதுதானே விஷயம்.

மாலை, முழு சார்ஜ். கூடம், அறை, கட்டிலுக்கு அடியில். ஒரு மயக்கம் இல்லை. பக்கும் கெபாசிட்டரும் சேர்ந்து பாறை மாதிரி. அம்மா தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தபடியே, விலகிக் கிடந்த ஒரு நூலை ஊன்றுகோல் நுனியால் வண்டியின் பாதைக்குத் தள்ளிவிட்டாள். வண்டி விழுங்கியது. இன்னொன்றைத் தள்ளினாள்.

விளக்கு வைப்பதற்கு முன்னாலேயே முடிந்துவிட்டது.

மகிழ்ச்சி வரும் என்று காத்திருந்தேன். உள்ளே ஏதோ காலி.


ஜூன் 19, வியாழன்

சுவிட்சின் மேல் தாள் ஒட்டினேன்: ‘அணைக்காதே’. காலையில் சுவிட்ச் அணைந்திருந்தது. தாள் ஒழுங்காக ஒட்டியிருந்தது.

“படிச்சேன்” என்றாள் அம்மா. “கை கேக்கலை.”

“பேட்டரி ஏறணும்மா.”

“ராத்திரி ஆளு தூங்கையில கரண்ட் ஓடுனா எனக்குத் தூக்கம் வராது. எத்தனை கடை எரிஞ்சத பாத்திருக்கேன் நான், பாண்டி பஜார் பக்கம். ஒரு பிளக்குதான்.”

தாளைப் பிய்த்தெடுத்தேன். சரிதானே. இரவில்தான் சார்ஜ் போட வேண்டும் என்று யார் சொன்னது? போனுக்கு அப்படிப் போடுகிறோம், அதனால் எல்லாவற்றுக்கும்.

“காலையில பால் காய்ச்ச எந்திரிக்கும்போது மோடத்தைப் போடுவல்ல?”

“ஆமா.”

“அதோட இதையும் போடு. நாள் பூரா ஏறட்டும். அஞ்சு மணிக்கு ஓடும். ராத்திரி நீ அணைச்சுக்கோ.”

கொஞ்ச நேரம் ஊசி ஓடியது.

“இதுல கேமரா இருக்கா?”

“இல்லம்மா.”

“பொய் சொல்லாத.”

“சத்தியமா இல்ல. வண்டி வைஃபைல இருக்கா இல்லையான்னு மட்டும்தான் என் போன்ல தெரியும். ஒரு புள்ளி. இருந்தா பச்சை, இல்லன்னா சாம்பல்.”

“நான் என்ன செய்யுதேன்னு?”

“தெரியாது.”

“நல்லது.” நூலைக் கத்தரியால் வெட்டினாள். “எனக்கு ஆள் போட்டுட்டுப் போற. போ. ஆனா ஒண்ணு, நான் விழுந்துருவேன் விழுந்துருவேன்னு இங்கயே உக்காந்திருந்தியானா, என்னைக்காவது உன்னைப் பாத்தே விழுந்துருவேன்.”

“உனக்குப் பயமா இல்லையா?”

“இருக்கு. அதுக்கு?”

அப்புறம், உள்ளே போகும்போது: “ஆடி பொறக்கிறதுக்கு முன்னால கிளம்பணும். ஆடியில அனுப்ப மாட்டேன்.”


ஜூன் 20, வெள்ளி

மழை. நிஜ மழை. லஸ் பக்கம் முழங்கால் தண்ணீர் என்கிறார் மாமி.

இன்னொரு நாள் ஓட்டிப் பார்க்கலாம். இன்னொரு கெபாசிட்டர் போடலாம். ஒயர்களைக் கட்டி அழகாக்கலாம்.

இல்லை.

பதில் அனுப்பியாயிற்று. இரண்டு வரி. ‘மகிழ்ச்சியுடன்’ என்ற சொல்லைப் போட்டு, எடுத்து, போட்டு.


ஜூலை 17, வியாழன். ஹைதராபாத்

விடுதி அறை. பாறைகள், மேகம், மழை வாசனை. சாம்பாரில் இனிப்பு.

இன்று ஆடி பிறக்கிறது. சொன்னபடி அதற்கு முன்னால் அனுப்பிவிட்டாள்.

தினமும் ஐந்து மணிக்கு நூலகப் படியில் உட்கார்ந்து ‘ஓடு’ சொல்கிறேன். மயிலாப்பூரில் கூடம் பெருக்கப்படுகிறது. பக்கத்தில் உட்காரும் பெண் ஒருநாள் எட்டிப் பார்த்து, என்ன விளையாட்டு இது என்றாள். வீடு பெருக்குகிறேன் என்றேன். அவள் சிரிக்கவில்லை. தன் ஊருக்குப் போன் போட்டாள்.

இரவு ஒன்பதரை வாக்கில் புள்ளி சாம்பலாகும். மோடம் அணைகிறது. அம்மா படுக்கப் போகிறாள். விடியலில் பச்சை. பால். இதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது, தெரியக் கூடாது என்பது ஒப்பந்தம்.

போனில் கேட்டேன், வாசல் கேட்டைத் தாண்டி வெளியே போனாயா என்று. “எதுக்கு?” என்றாள். அவ்வளவுதான்.


ஜூலை 25, வெள்ளி

காலையில் வகுப்பு. குறிப்பெடுக்கவில்லை. மேசையில் வட்டம் வட்டமாக.

மதியம் மூன்று இருக்கும். புள்ளி சாம்பல்.

பகலில் சாம்பலானதே இல்லை. மின்வெட்டு என்று நினைத்தேன். காத்திருந்தேன். சாம்பல். அம்மாவுக்குப் போன், மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி. மறுபடி. கொல்லைக் கல், ஈரம், தகடு. நின்றுகொண்டே இருக்க முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. மாமிக்குப் போட்டேன்.

“மாமி, கரண்ட் இருக்கா?”

“இருக்கே. ஏண்டி?”

“அம்மா போன் எடுக்கல. கொஞ்சம் கீழ போய்ப் பாக்கறீங்களா?”

“கீழ போய் யாரைப் பாக்கறது? உங்கம்மா ஆத்துல இல்லையே! கதவைப் பூட்டிண்டு, பையை மாட்டிண்டு, கோலை ஊனிண்டு, வாசல்ல ஆட்டோ. பட்டுக் கரை போட்ட சேலை வேற. எங்கேடியம்மான்னேன். தி. நகருக்காம். ஆடித் தள்ளுபடி பாக்கப் போறாளாம்!”

ஆடி வெள்ளி. தி. நகர். ஊரே அங்கேதான் இருக்கும். தோளோடு தோள் இடித்துக்கொண்டு. தொடையில் தகடு.

“நீங்க தடுக்கலையா மாமி?”

“நான் தடுத்து அவ கேப்பாளா? எனக்கு ரெண்டு காட்டன் எடுத்துண்டு வரேன்னிருக்கா. நான் கலர்கூடச் சொல்லிட்டேன்.”

நூலகப் படி. எழுந்து நடந்தேன், உட்கார்ந்தேன், நடந்தேன். நாலரைக்குத் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. பின்னால் பெரும் இரைச்சல், யாரோ மைக்கில் எதையோ கூவி விற்கிறார்கள்.

“ஏட்டி, நாந்தான். இது நம்ம கடை சரோஜா போனு. என் போனை வீட்டுலயே வச்சுட்டு வந்துட்டேன். மாமி இவளுக்குப் போட்டு, பிள்ளை அங்க துடிக்குதுன்னாவளாம்.”

“நீ எங்க இருக்க? உக்காந்திருக்கியா?”

“ஸ்டூல் போட்டுக் குடுத்திருக்காளுவ. காட்டன் பிரிவுல. வள்ளி, சேலையை மடிக்கவே தெரியலை இந்தப் புதுப் பிள்ளைகளுக்கு. கரை வெளியில தெரிய மடிக்காம, உள்ள வச்சு… ஏட்டி, அதை இப்படிக் கொண்டா. நீ இல்லட்டி, இவளைச் சொன்னேன்.”

“அம்மா, கால்?”

“இருக்கு. ரெண்டும் இருக்கு.”

“எப்போ வீட்டுக்குப் போவ?”

“கூட்டம் குறையட்டும். அஞ்சு மணிக்கு வண்டியை ஓட விடாத.”

“ஓடாது. மோடத்தை அணைச்சுட்டல்ல.”

“கிளம்பும்போது எல்லாத்தையும் அணைச்சுட்டுத்தானே கிளம்பணும்?” பிறகு யாரிடமோ, “அந்த மாம்பழக் கலர், மேல் தட்டு. ஆமா, அதுதான்.” அழைப்பு அறுந்தது.

ஐந்து. பழக்கத்தில் ‘ஓடு’ அழுத்தினேன். எதுவும் போகவில்லை.

ஐந்தரை. சாம்பல். அம்மா இன்னும் கடையில்தான்.

ஆறு கடந்து, விடுதியில் விளக்குகள் போட ஆரம்பித்தார்கள். சாம்பல். அங்கேயும் விளக்கு வைக்கிற நேரம். இனி இன்று பெருக்க முடியாது. கூடம் முழுக்க நூல் அப்படியே கிடக்கும்.